வீட்டுப் பெயரின் மூலத்தைத் தேடுவது எப்படி?

மலேசிய அடையாள அட்டையில் ‘அனாக் லெலாக்கி’க்குப் (மலாயில் ‘மகன்’ என்று பொருள்) பிறகு வரும் பெயர் எப்போதும் தகப்பனாரின் பெயர்தான் என்று நம்பிவிடாதீர்கள். குடும்பத்தில் வழங்கும் அபூர்வமான பெயர் ஒன்றுக்கு மூலம் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். உங்கள் பாட்டனாரின் அட்டையில் அந்த இடத்தில் வீட்டுப் பெயர் ஏறியிருக்கலாம், ஊர்ப் பெயர் ஏறியிருக்கலாம், தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்து அவரை அழைத்துவந்த கங்காணியின் பெயர்கூட ஏறியிருக்கலாம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் நாங்கள் இரண்டு தலைமுறையாக அச்சகம் நடத்துகிறோம். அப்பா ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்தார். நான் கணினியில் செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், பதினாறாம் நாள் கருமக்கிரியை அட்டை, கோயில் திருவிழா நோட்டீஸ் என்று எல்லாமே பெயர்கள்தான். எல்ஃபில், டோவன்பி, ஹீவுட், கமுனிங் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தாமான் எனும் புதுக் குடியிருப்பு வீடுகளிலிருந்து வருகிறார்கள். “அக்கா, தாத்தா பெயரோடு இப்படி ஒரு பெயர் சேர்ந்திருக்கிறது. பத்திரிகையில் போடலாமா? இதற்கு என்ன பொருள்?” என்று கேட்கிறார்கள். பொருளைத் தேடுவதற்கு முன் ஊரைத் தேடுங்கள் என்பேன். ஊர் கிடைத்துவிட்டால் பொருளை ஊர்க்காரர்களே சொல்லிவிடுவார்கள். ஊர் தெரியாமல் அகராதியைப் புரட்டுகிறவர்கள் பெரும்பாலும் தங்களுக்குப் பிடித்த பொருளைத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

எந்த வகைப் பெயர் என்று பாருங்கள்

தமிழர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். காகிதத்தில் அது உண்மை. ஊர் வழக்கில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயர் இருந்தது. மதுரை, சிவகங்கைப் பக்கம் இன்னார் வகையறா என்பார்கள். கொங்கு நாட்டில் கூட்டம். காடை, ஆந்தை, செம்பன், பயிரன் என்று அவற்றுக்குப் பெயர்கள் உண்டு, அந்தந்தக் கூட்டத்துக்கென்று குலதெய்வக் கோயிலும் உண்டு. தஞ்சைப் பக்கம் பட்டப்பெயர். நகரத்தார்க்கு விலாசம், அது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள், ஆகவே அதில் பொருள் தேட வேண்டியதில்லை, எழுத்துகளை விரித்தால் போதும். தெலுங்குக் குடும்பங்களுக்கு இண்டி பேரு உண்டு. ஆளின் பெயருக்கு முன்னால் நிற்கும், பெரும்பாலும் ஒரு ஊரின் பெயராக இருக்கும். பாகான் டத்தோ பக்கமிருந்து வரும் தெலுங்கு வீட்டுப் பத்திரிகைகளில் இதை இன்னமும் பார்க்கிறேன். மலையாளிகளுக்குத் தறவாட்டுப் பெயர்.

இவை தவிர, வேலையால் வந்த பெயர்கள். தலையாரி, மணியகாரர், அம்பலம், கணக்கப்பிள்ளை போன்றவை இன்றும் புரியும். வேலையே மறைந்துபோனதால் பெயரும் புரியாமல் போனவை இன்னொரு பக்கம். அபூர்வமான பெயர் என்று என்னிடம் கொண்டுவரப்படுபவற்றில் இந்த வகைதான் அதிகம், எங்கள் பெயரும் இந்த வகைதான்.

ஆங்கில எழுத்தைப் பிரித்துப் போடுங்கள்

1948 ஜூன் 16ஆம் தேதி எங்கள் ஊரை ஒட்டிய தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது; அந்த ஆண்டிலேயே 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எல்லோருக்கும் அடையாள அட்டை கட்டாயமானது. லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) மக்களில் பலருக்குப் பெயர் நிரந்தரமாகக் காகிதத்தில் ஏறியது அப்போதுதான். கேட்டவர் காதில் விழுந்தபடி எழுதினார். சொன்னவருக்கு ஆங்கில எழுத்து தெரியாது. சரியா தவறா என்று பார்க்க வழியில்லாமல் கைநாட்டு வைத்துவிட்டு வந்தார்.

அந்த எழுத்தில் குறில் நெடில் தெரியாது. டகரமும் தகரமும் ஒன்று. ர, ற இரண்டுக்கும் ஒரே எழுத்து. ந, ன, ண மூன்றுக்கும் ஒரே எழுத்து. ழகரத்தை எழுதியவர் விருப்பப்படி மாற்றியிருப்பார். ஆகவே அட்டையில் இருப்பதை அப்படியே தமிழில் படிக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு எழுத்தின் கீழும் அது எந்தெந்தத் தமிழ் எழுத்தாக இருந்திருக்கலாம் என்று எழுதுங்கள். வரும் சேர்க்கைகளை எல்லாம் எழுதிவையுங்கள். அப்போதே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டாம்.

எங்கள் தாத்தாவின் அட்டையில் ‘கருப்பன் அனாக் லெலாக்கி நிர்காதி’ என்று படிக்கும்படி இருந்தது. வீட்டில் எல்லோரும் அதை ‘நிர்க்கதி’ என்றே படித்தார்கள். கதியற்ற நிலை. மகனைக் கப்பலேற்றிவிட்டு நிர்க்கதியாய் நின்ற மனிதர், அதனால் பூட்டனாருக்கு அதுவே பெயராகிவிட்டது என்று ஒரு கதையும் சேர்ந்துகொண்டது. என் சித்தப்பா அதைச் சொல்லும்போதெல்லாம் கண்கலங்குவார். தன் பெயரைப் பதிய வரும் ஒருவர் தன் தகப்பன் பெயர் நிர்க்கதி என்று சொல்வாரா என்று யாரும் கேட்கவில்லை. சோகமான கதை எளிதில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் வீட்டுப் பெயருக்கும் இப்படி மனத்தை உருக்கும் கதை இருந்தால், அதைத் தனித் தாளில் எழுதி ஓரமாக வையுங்கள், சான்றுகளோடு கலக்காதீர்கள்.

தமிழில் எழுதப்பட்ட காகிதங்களைத் தேடுங்கள்

அரசாங்கக் காகிதங்களைவிட வீட்டுக் காகிதங்களே அதிகம் சொல்லும். தேசியப் பதிவுத் துறையில் பாட்டன் பாட்டியின் பிறப்பு, இறப்புப் பதிவுகளின் நகலுக்கு விண்ணப்பிக்கத்தான் வேண்டும். ஆனால் அங்கேயும் ஆங்கில எழுத்துதான் கிடைக்கும். தமிழில் எழுதியது எங்கே இருக்கும் என்று யோசியுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, கருமக்கிரியை அட்டை, தோட்டத்துக் கோயிலில் தொங்கும் உபயப் பலகை, மணியில் பொறித்த பெயர், கல்லறைக் கல். மொய் நோட்டில் மூன்று கருப்பன் வந்தால் எழுதுகிறவர் அடையாளத்துக்காக வீட்டுப் பெயரையோ ஊரையோ சேர்த்து எழுதியிருப்பார். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட விலை மதிப்பற்றது ஊரிலிருந்து வந்த கடிதம். நீல நிற விமானத் தபால் தாள்கள் எங்கேயாவது டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய சேலைக்குள் மடித்துக் கிடக்கும். உள்ளே எழுதியதைப் படிப்பதற்கு முன் பின்பக்கம் அனுப்புநர் முகவரியைப் பாருங்கள். கிராமம், அஞ்சல், ‘வழி’, தாலுகா, ஜில்லா என்று முழுதாக இருக்கும்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு கடிதம் கிடைத்தது. மடிப்பில் தாள் விட்டுப்போயிருந்தது. எழுதியவருக்குப் புள்ளி வைக்கும் பழக்கம் இல்லை. பழைய கையெழுத்துகளில் இது சகஜம். அனுப்புநர் இடத்தில் ‘நீரககடடி சோணை’ என்றிருந்தது. புள்ளிகளை நாமே வைத்துப் படிக்க வேண்டும்: நீர்க்கட்டி சோணை. சோணை என் தாத்தாவின் அண்ணன். கடிதத்துக்குள்ளே, அய்யா முத்தன் திதிக்குப் பணம் வந்து சேர்ந்தது என்று ஒரு வரி. ஆக, தகப்பனார் பெயர் முத்தன். நீர்க்கட்டி என்பது அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான பெயர். தாத்தாவின் அட்டையில் தகப்பன் பெயர் வரவேண்டிய இடத்தில் வீட்டுப் பெயர் உட்கார்ந்திருந்தது. நிர்க்கதி என்ற மனிதர் எங்கள் குடும்பத்தில் இருந்ததே இல்லை.

நீங்களும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஒரே பெயர் உடன்பிறந்த இருவர் மேல் நின்றால் அது தகப்பன் பெயராகவும் இருக்கலாம், வீட்டுப் பெயராகவும் இருக்கலாம். தகப்பனின் பெயர் வேறு என்று இன்னொரு காகிதம் சொன்னால் சந்தேகம் தீர்ந்தது. ஒரே காகிதத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

கடிதத்திலுள்ள ஜில்லாவை இன்றைய வரைபடத்தில் அப்படியே தேடினால் ஏமாற்றமாகலாம். பழைய இராமநாதபுரம் ஜில்லா 1985இல் பிரிந்து சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்கள் உருவாயின. வடஆற்காடு 1989இல் பிரிந்தது, திருவண்ணாமலை தனியானது. தென்னாற்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் ஆயிற்று. திருச்சியிலிருந்து 1995இல் கரூரும் பெரம்பலூரும், சேலத்திலிருந்து 1997இல் நாமக்கல்லும் பிரிந்தன. அதற்குப் பிறகும் பிரிவினைகள் நடந்திருக்கின்றன. ஜில்லாவை விட்டுவிட்டு, ‘வழி’ என்று எழுதியிருக்கும் பக்கத்து ஊரைப் பிடியுங்கள். எங்கள் கடிதத்தில் ‘காளையார்கோவில் வழி, இராமநாதபுரம் ஜில்லா’ என்றிருந்தது. இன்று அது சிவகங்கை மாவட்டம்.

கடிதமே இல்லாதவர்கள்

காகிதம் எதுவும் இல்லையென்றால் பெரியவர்களின் பேச்சில் ஊர் ஒளிந்திருக்கும். பாட்டி நீர்நிலையை என்னவென்று சொன்னார்? கண்மாய் என்றால் மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் பாருங்கள். ஏரி என்றால் வட மாவட்டங்கள். குளம் என்றால் திருநெல்வேலியையும் யோசியுங்கள். அப்பாவின் அம்மாவை அப்பத்தா என்று அழைத்தார்களா, அப்பாயி என்று அழைத்தார்களா? அப்பாயி பெரும்பாலும் திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம். தோட்டத்தில் பல ஜில்லாக்காரர்கள் கலந்து சம்பந்தம் செய்துகொண்டதால் சொற்களும் கலந்துவிட்டன என்பதை மறக்க வேண்டாம். ஒரு சொல்லை மட்டும் நம்பாமல் நாலைந்து சேர்த்துப் பாருங்கள்.

கும்பிடும் சாமி அதைவிட உறுதியான தடயம். சுடலைமாடன் என்றால் நெல்லைச் சீமை. அண்ணமார் சாமிகள் என்றால் கொங்கு. மேல்மலையனூர் அங்காளம்மன் பெயரைச் சொல்லி விபூதி பூசினால் தென்னாற்காடு. பிள்ளைகளுக்கு அழகர் என்று தலைமுறைதோறும் பெயர் வைத்தால் அழகர்மலையைச் சுற்றித் தேடுங்கள். முதலில் வந்தவர் எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார் என்பதையும் கேளுங்கள். தோட்டத் தொழிலாளர்களை ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்களில் தங்கவைத்து அனுப்பினார்கள். நாகப்பட்டினம் என்றால் தஞ்சை, திருச்சி, இராமநாதபுரம் பக்கமும், சென்னை என்றால் ஆற்காடு, செங்கற்பட்டுப் பக்கமும் முதலில் பார்க்கலாம். தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்திவிட்டது. கங்காணி மூலம் வந்தவர் என்றால் அதற்கு முன்னால் வந்தவராகத்தான் இருக்க வேண்டும். குடும்பத்தில் எந்தத் தலைமுறை கடல் தாண்டியது என்பதை இதை வைத்தே ஓரளவு கணக்கிடலாம்.

ஊருக்குப் போனால் என்ன கேட்பது?

1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி பெற வேண்டும் என்ற சட்டம் வந்தபோது பல குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் இன்று நமக்குப் பாலம். உங்கள் குடும்பத்திலோ பக்கத்து லயத்திலோ அப்படிப் போனவர்கள் யாரென்று முதலில் விசாரியுங்கள்.

ஊரில் போய் நின்று, இந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்காதீர்கள். மலேசியாவிலிருந்து வந்திருக்கிறீர்கள், உங்களைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று யாராவது ஒரு ராஜா கதை சொல்லிவிடுவார்கள். இந்தப் பெயர்க்காரர்கள் வீடு எங்கே இருந்தது, என்ன வேலை பார்த்தார்கள், அறுவடையில் அவர்களுக்கு என்ன கொடுத்தார்கள், கோயிலில் அவர்களுக்கு என்ன பங்கு என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பொய் சொல்ல யாருக்கும் தோன்றாது. நிலம் இருந்த குடும்பமென்றால் பழைய பத்திரங்களில் ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று பெயர் வரிசை இருக்கும், பட்டாவும் உதவும். எங்களுக்கு நிலம் இல்லை. அந்த வழியும் இல்லை.

காளையார்கோவில் பக்கத்து எங்கள் பூர்வீக ஊரில் ஒரு பெரியவர் நேராகக் கண்மாய்க் கரைக்கு அழைத்துப் போனார். நீர்க்கட்டி என்பது ஒரு பொறுப்பு. கண்மாய்த் தண்ணீரை எந்த மடையில் எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் பாய்ச்சுவது என்று பார்ப்பவர் அவர். கண்மாய்க்குள் குமிழித்தூம்பு என்றொன்று இருக்கும். இரண்டு கல் தூண்களுக்கு நடுவே, தண்ணீருக்கு அடியில், கல்தொட்டியின் மேல் ஒரு துளை. அதை அடைத்து ஒரு கல். தண்ணீர் வேண்டுமென்றால் ஒருவர் நீந்திப்போய் அந்த அடைப்பைத் தூக்க வேண்டும். அடிமட்டத்தில் இன்னொரு துளை, சேற்றை வெளியேற்றுவதற்கு. மழைக் காலத்தில் கலிங்கு வழியாக மிகுதி நீர் போகிறதா, கரை கசிகிறதா என்று இராத்திரியெல்லாம் சுற்றிவர வேண்டும். கூலி பணமாக இல்லை. அறுவடைக் களத்தில் நெல்லாகத் தருவார்கள். நீர்பாய்ச்சி, நீராணி, மடையன், கம்புகட்டி என்று ஊருக்கு ஊர் இந்தப் பொறுப்புக்குப் பெயர் மாறும்.

இந்த வேலையைப் பல ஊர்களில் நிலமில்லாதவர்களிடம், ஒடுக்கப்பட்ட சமூகத்தவர்களிடம் கொடுத்திருந்தார்கள். தன் வயல் என்று ஒன்று இல்லாதவர் தண்ணீரில் பாரபட்சம் காட்டமாட்டார் என்பது ஊரின் கணக்கு. தகப்பனுக்குப் பின் பிள்ளை என்று அது வந்தது. பூட்டனார் முத்தன் கதியற்றுத் தெருவில் நின்றவர் இல்லை. ஓர் ஊரின் தண்ணீர் முழுவதையும் தன் கையால் பங்கிட்டவர், அந்தத் தண்ணீர் பாய்ந்த ஒரு கையளவு நிலத்துக்கும் சொந்தக்காரராக இல்லாதவர். எனக்கு இரண்டுமே முக்கியம். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க மாட்டேன்.

அகராதியைக் கடைசியில் திறங்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. இன்று இணையத்தில் சொல்லைத் தட்டித் தேடலாம். வட்டார வழக்குகளும் தொழிற்சொற்களும் அதில் ஏராளம். ஊரில் கேட்டதை உறுதிசெய்துகொள்ள இதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். ‘நீர்க்கட்டி’ என்று இன்று இணையத்தில் தேடினால் சினைப்பையில் வரும் கட்டியைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள்தான் வரிசையாக வரும். ஊர் தெரியாமல் அங்கே தொடங்கியிருந்தால் நிர்க்கதியை விட்டு நோய்க்குப் போயிருப்போம்.

கிடைத்த பெயரை அலங்கரிக்காதீர்கள்

ஊரிலிருந்து திரும்பிய பிறகு உறவினர் ஒருவர் தன் மகன் கல்யாணப் பத்திரிகையில் ‘நீர்க்காத்த ராயர் பரம்பரை’ என்று போடச் சொன்னார். மறுத்துவிட்டேன். மடை திறந்தவருக்கு ராயர் பட்டம் எதற்கு? அவர் செய்த வேலையை வெட்கப்பட்டு மூடுவதற்குத்தானே அது? என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் வந்த உடனே, இது அரச பரம்பரையா என்று கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. சான்று இல்லாமல் அச்சில் ஏற்றுவதுதான் தவறு. அடுத்த தலைமுறை அந்தப் பத்திரிகையையே சான்றாக எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று, கவனமாகச் சொல்ல வேண்டியது. சில பெயர்கள் தொலைந்துபோகவில்லை, தெரிந்தே கைவிடப்பட்டவை. 1929 தொடக்கத்தில் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விடும்படி தீர்மானம் ஆனது. அந்த ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். தோட்டப்புறங்களில் அந்தப் பேச்சின் தாக்கம் ஆழமாக இருந்தது. உங்கள் தாத்தா பட்டத்தை வேண்டுமென்றே வெட்டியிருக்கலாம். ஒரு பெரியவர் அந்தப் பெயரைப் பற்றிப் பேச விரும்பவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். அந்தப் பெயரைச் சொல்லி அவரைத் திண்ணையில் ஏறவிடாதவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர் மௌனத்தையும் ஒரு தகவலாகக் குறித்துக்கொண்டு வேறு பக்கம் தேடுங்கள். மூலத்தை அறிந்துகொள்வது வேறு, பட்டத்தை மறுபடி சூட்டிக்கொள்வது வேறு.

பத்திரிகையிலும் பதிவிலும்

பெயர் உறுதியானதும் தமிழில் ஒரே எழுத்தமைப்பைக் குடும்பம் முழுவதும் பின்பற்றுங்கள். ஆங்கில எழுத்திலும் எப்படி எழுதுவது என்று அண்ணன் தம்பி, அக்காள் தங்கை எல்லோரும் உட்கார்ந்து ஒருமுறை முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் பெயரில் டகரம் இரட்டிப்பதைக் காட்ட அந்த எழுத்தை இரண்டு முறை போடுகிறோம். பிள்ளையின் பிறப்புப் பதிவில் வீட்டுப் பெயர் வேண்டுமென்றால் பிள்ளையின் சொந்தப் பெயரோடு சேர்த்து, ‘அனாக்’ என்பதற்கு முன்னால் போடுங்கள். பின்னால் போட்டால் தாத்தாவுக்கு நேர்ந்தது பேரனுக்கும் நேரும்.

கல்யாணப் பத்திரிகை என்றால் பாட்டன் பெயர் வரும் வரியில் போடுவது நன்றாக இருக்கும். ‘நீர்க்கட்டி முத்தன் வழிவந்த’ என்று எங்கள் வீட்டுப் பத்திரிகையில் போட்டோம். ஊர்ப் பெயரையும் பழைய ஜில்லாவோடு, இன்றைய மாவட்டத்தோடு சேர்த்துப் போடுங்கள். எந்தத் தகவல் யார் சொன்னது, எந்தக் கடிதத்தில் இருந்தது என்பதைத் தனி நோட்டில் எழுதிவையுங்கள். கடிதங்களைப் படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்பிவிடுங்கள். இங்குள்ள ஈரத்தில் தாள் நிற்காது.

எங்கள் அச்சகத்தில் அடித்த பத்திரிகைகளில் ஒவ்வொரு பிரதியை அப்பா காலத்திலிருந்தே தோட்ட வாரியாகக் கட்டி வைத்திருக்கிறோம். உங்கள் குடும்பம் இந்தப் பக்கத்துத் தோட்டம் எதிலாவது இருந்தது என்றால் வந்து புரட்டிப் பார்க்கலாம். தாத்தாவின் பெயர், தோட்டத்தின் பெயர், கல்யாணம் நடந்த ஆண்டு உத்தேசமாக, இவை மூன்றும் தெரிந்தால் எடுத்துத் தருவது சுலபம். தை மாதத்திலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் மட்டும் வேலை நெருக்கடி. மற்ற நாட்களில் மாலையில் வாருங்கள்.